உள்ளூர் வண்டியை மறிக்கும் சாவடி

(வடசென்னை டோல்கேட்டில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தலைப்புக் கேட்டு வீட்டுக்கு வந்தவர்களிடம் “கள்ளிச்செடியின் மரபியல்” என்று சொன்னபோது அவர்கள் முகம் கொஞ்சம் வாடியது. எண்ணூர்ச் சாம்பல் இருக்கிறது, கடலரிப்பு இருக்கிறது, துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரி இருக்கிறது. வடசென்னையில் பேச இத்தனை இருக்கும்போது இந்த மனிதர் கள்ளியைப் பிடித்துக்கொண்டாரே என்று நினைத்திருப்பார்கள். அவர்கள் பேரில் தப்பில்லை. எனக்கே இந்தத் தலைப்பு புத்தகத்திலிருந்து வரவில்லை, என் வீட்டு மொட்டைமாடியிலிருந்துதான் வந்தது.

ஓய்வுபெற்ற பிறகு மாடியில் இரண்டு செடி வைத்தேன். ஒன்று பிரம்ம கமலம். நம் தெருவில் அது பூக்கிற இரவு எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்பது மணிக்கு மேல் மொட்டு விரியும். அக்கம்பக்கத்தார் படியேறி வருவார்கள். ஒருவர் கற்பூரம் காட்டுவார், பிள்ளைகள் செல்போனில் படம் எடுப்பார்கள், விடிவதற்குள் பூ தலையைத் தொங்கப்போட்டுவிடும். இமயமலையில் அந்தப் பெயரோடு இருக்கிற செடி வேறு. அது சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் மாடியில் இருப்பது மெக்சிகோ பக்கத்துக் கள்ளி, எபிஃபில்லம் ஆக்சிபெட்டலம் என்று பெயர். கும்பிடுகிறவர்களோடு எனக்கு வழக்கில்லை. நான் கேட்பது வேறு. இத்தனை வருஷம், இத்தனை மாடியில் பூத்த இந்தச் செடி காய்த்துப் பார்த்தவர்கள் இந்த அரங்கத்தில் எத்தனை பேர்?

ஒரு கையும் உயரவில்லை.

இரண்டாவது செடி டிராகன் பழம், சிவப்புச் சதை ரகம். ஒரு நாற்றுப்பண்ணையில் நான்கு துண்டு வாங்கிவந்து சிமென்ட் தூணில் ஏற்றிக் கட்டினேன். இரண்டாம் வருஷம் 17 பூ. ஒவ்வொன்றும் ஒரு சாணுக்கு மேல் நீளம், பார்க்கக் கண் போதாது. ஐந்தாறு நாளில் அத்தனையும் மஞ்சளித்து உதிர்ந்துவிட்டன. விற்றவரிடம் கேட்டேன், “சார், உரம் பத்தல” என்றார். முப்பது வருஷம் தாவரவியல் பாடம் நடத்தியவன், நானும் அதைக் கேட்டுக்கொண்டு எருவை அள்ளிக் கொட்டினேன். அடுத்த வருஷம் 23 பூ வந்தது, காய் ஒன்றுமில்லை. அதற்குப் பிறகுதான் மண்டையில் உறைத்தது. நான் வாங்கியது நான்கு செடி இல்லை. ஒரே செடியின் நான்கு துண்டு. அவை தங்களுக்குள் மகரந்தத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தன; வாங்கியதை எல்லாம் உள்ளேயே மறித்துக்கொண்டும் இருந்தன.

இந்தக் குணத்துக்குப் பாடநூல்களில் தன்மலட்டுத்தன்மை என்று ஒரு பெயரும் தன்ஒவ்வாமை என்று இன்னொரு பெயரும் புழங்குகின்றன. முதல் பெயரை நான் வகுப்பில் சொல்வதை நிறுத்திப் பல வருஷமாயிற்று. மலடு என்ற சொல்லை வைத்து நம் வீடுகளில் பெண்களைப் படுத்திய பாடு போதும், பூவுக்கும் அதைச் சூட்ட வேண்டாம். தவிரவும் அது தவறான சொல். பூவில் மகரந்தம் நன்றாக இருக்கிறது, சூல்களும் ஆயிரக்கணக்கில் காத்திருக்கின்றன. இல்லாதது இசைவு மட்டும்தான்.

எப்படி மறுக்கிறது என்று சொல்கிறேன். இங்கேதான் இந்த ஊர்ப்பெயர் எனக்குக் கைகொடுக்கிறது. வடக்கே போகும் சாலையில் வண்டியை நிறுத்தி வரி வாங்கிய இடம் டோல்கேட். வரி வாங்கியவர்கள் போய்விட்டார்கள், பெயர் நின்றுவிட்டது. 2021 பிப்ரவரியில் மெட்ரோ நிலையத்துக்கும் அதே பெயர் வைத்தாயிற்று. பூவுக்குள்ளும் இப்படி ஒரு சாவடி உண்டு. மகரந்தத்தூள் சூலகமுடியில் விழுகிறது. ஈரம் குடித்துக் குழல் ஒன்றை விடுகிறது. அந்தக் குழல் சூலகத்தண்டு நெடுக இறங்கி அடியில் இருக்கும் சூலைச் சேர வேண்டும். டிராகன் பழப் பூவில் இது ஏறத்தாழ ஒரு சாண் பயணம். அத்தனை சின்னத் தூளுக்கு அது நெடுந்தூர நடை.

அந்தத் தண்டுக்குள் ஒரு நொதி சுரக்கிறது. ஆர்.என்.ஏ.வை வெட்டித் துண்டாக்குகிற நொதி, எஸ்-ஆர்.என்.ஏஸ் என்பார்கள். ஆர்.என்.ஏ. போனால் குழலால் புரதம் செய்ய முடியாது, வளர்ச்சி நின்றுவிடும். இது ஆள் பார்த்துப் போகிற விஷம் இல்லை, இறங்குகிற எல்லாக் குழலுக்குள்ளும் நுழைகிறது. வித்தியாசம் மகரந்தத்திடம் இருக்கிறது. ஒவ்வொரு தூளும் ஒரு முறிவு மருந்துப் பெட்டியோடு கிளம்புகிறது. அதில் ஊரார் விஷம் எல்லாவற்றுக்கும் முறிவு உண்டு, தன் வீட்டு விஷத்துக்கு மட்டும் கிடையாது. ஆகவே அயல் செடியின் தூள் விஷத்தை முறித்துக்கொண்டு போய்ச்சேர்கிறது, சொந்தச் செடியின் தூள் பாதி வழியில் சுருண்டு நின்றுவிடுகிறது. நம்முடைய சாவடிகளில் உள்ளூர் வண்டிக்குச் சலுகை கேட்டுப் போராட்டமே நடக்கும். இந்தச் சாவடி உள்ளூர் வண்டியை மட்டும் மறிக்கிறது.

விஷத்தைச் செய்கிற மரபணுவும் முறிவுப் பெட்டியைச் செய்கிற மரபணுக்களும் ஒரே நிறப்புரியில், அதாவது குரோமோசோமில், பக்கத்துப் பக்கத்து வீடு. பிள்ளைக்குப் போகும்போது பிரியாமல் ஒரே மூட்டையாகப் போகும். இந்த மூட்டையைத்தான் எஸ் அடையாளம் என்கிறோம். இந்த நுணுக்கமெல்லாம் பெட்யூனியாச் செடியிலும் அதன் உறவான புகையிலையிலும் துருவித் துருவிக் கண்டது. கள்ளியிலும் இதே ஏற்பாடுதான் என்று தெரியவந்த கதையைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் மரபுக் கணக்கு. குலதெய்வம் ஒன்றென்றால் நாம் பெண் கொடுப்பதில்லை, எடுப்பதில்லை. பங்காளி முறை என்று விலக்கிவிடுவோம். செடி பார்ப்பதும் கிட்டத்தட்ட அதுதான், ஆனால் இரண்டு வேறுபாடு உண்டு. நமக்குக் குலதெய்வம் தகப்பன் வழியில் ஒன்றுதான். செடிக்குத் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று இரண்டு அடையாளம். மகரந்தத்தூளோ அந்த இரண்டில் ஒன்றை மட்டுமே தூக்கிக்கொண்டு போகும்.

அ, ஆ என்ற அடையாளங்களோடு ஒரு தாய்ச்செடி. இ, ஈ என்ற அடையாளங்களோடு ஒரு தந்தைச்செடி. தந்தையின் தூள் எதுவும் தாய்க்கு உள்ளூர் இல்லை, ஆகவே எல்லாத் தூளும் இறங்கும். பிறக்கிற பிள்ளைகள் நான்கு வகை: அ-இ, அ-ஈ, ஆ-இ, ஆ-ஈ. இந்தப் பிள்ளைகளில் ஏதாவது இரண்டை எடுத்துச் சேர்த்துப் பாருங்கள். இரண்டும் ஒரே வகையாக அமைய நான்கில் ஒரு வாய்ப்பு, அப்போது காய் விழாது. ஓர் அடையாளம் மட்டும் பொதுவாக இருக்க நான்கில் இரண்டு வாய்ப்பு, அப்போது பாதித் தூள் நிற்கும், பாதி போகும். ஒன்றுமே பொதுவில்லாமல் போக மீதி ஒரு வாய்ப்பு. உடன்பிறந்ததாகவே இருந்தாலும் சாவடி திறந்துவிடும். அதாவது செடி உறவு பார்ப்பதில்லை, அடையாளச் சீட்டைத்தான் பார்க்கிறது. நம் ஊரில் முறை பார்க்கிற பாட்டிமார் இதை ஒப்புக்கொள்ளவே மாட்டார்கள்.

இதில் ஒரு அழகு இருக்கிறது. யாரிடமும் இல்லாத புது அடையாளத்தோடு ஒரு செடி வந்தால் அதன் தூளுக்கு எந்தப் பூவிலும் தடையில்லை, அதனால் அந்த அடையாளம் வேகமாகப் பரவும். பரவிப் பெருகிவிட்டால் போகிற இடமெல்லாம் தன் அடையாளத்திலேயே முட்டிக்கொண்டு நிற்கும். அரிதாக இருப்பவனுக்கே ஆதாயம். ஆகவே அடையாளங்கள் குறைவதற்குப் பதில் குவிந்துகொண்டே போகின்றன. நியூ மெக்சிகோவில் ஆர்கன் மலையில் ஈனோதெரா என்ற ஒரு செடி. மொத்தமே ஆயிரத்துக்கும் குறைவாகத்தான் இருந்தன. 1930-களில் ஸ்டெர்லிங் எமர்சன் ஆராயத் தொடங்கி, அந்தக் கையளவு கூட்டத்துக்குள் 45 வரை அடையாளங்கள் கண்டார். இது எப்படிச் சாத்தியம் என்று சூவால் ரைட் 1939-ல் கணக்குப் போட்டுக் காட்டப் போய், மக்கள்தொகை மரபியலில் ஒரு தனி விவாதமே கிளம்பியது.

கள்ளிக்கு வருவோம். கிறிஸ்துமஸ் கள்ளி என்று தொட்டியில் விற்கிறார்களே, ஷ்லும்பர்கெரா, அது பிரேசிலில் ரியோ நகருக்குப் பின்னால் இருக்கும் மலைக்காட்டுச் செடி. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் தாமஸ் பாயில் என்பவர் 1990-களில் அதை வைத்துப் பொறுமையாகக் கலப்புச் செய்து, தாய், தந்தை, பிள்ளை, பிள்ளைக்குப் பிள்ளை என்று எந்தப் பூவில் காய் விழுகிறது, எதில் விழவில்லை என்று கணக்கெடுத்தார். நான் மேலே சொன்ன அ, ஆ, இ, ஈ கணக்கு அப்படியே வந்தது. ஒரே இடத்து மரபணு, பல அடையாளம், தூளின் கதி அதன் சொந்த அடையாளத்தால் தீர்மானிக்கப்படுவது. ஆனால் அந்த மரபணு செய்கிற பொருள் என்ன என்பது அப்போது பிடிபடவில்லை. 2021-ல் கரோலிஸ் ரமனவ்ஸ்காஸும் போரிஸ் இகிச்சும் ஷ்லும்பர்கெராவின் சூலகத்தில் அந்த ஆர்.என்.ஏ. வெட்டும் நொதியையே எடுத்துக் காட்டினார்கள். கத்தரி, தக்காளியின் குடும்பத்திலும், ஆப்பிள், பேரிக்காயின் குடும்பத்திலும் இருக்கிற அதே வகை நொதி. கள்ளிக்கும் கத்தரிக்கும் பொதுவான மூதாதை இருந்த காலத்திலேயே இந்தச் சாவடி கட்டப்பட்டுவிட்டது என்று அர்த்தம். அந்தக் காலத்தில் டைனோசர்கள் நடமாடின.

இப்போது நம் மணலுக்கு வருகிறேன். இங்கே இருக்கும் பெரியவர்களுக்குக் கள்ளி என்றதும் ஷ்லும்பர்கெராவா நினைவுக்கு வரும்? சப்பாத்திக்கள்ளிதான். நாகதாளி என்பார்கள் சிலர். கடற்கரை மணலிலும் தோப்பு வேலியிலும் நிற்கும், மஞ்சள் பூ, கருஞ்சிவப்புப் பழம். பழத்தை மணலில் தேய்த்துச் சுணை போன்ற முள்ளை எடுத்துவிட்டு, உள்ளே நட்சத்திர முள் இருக்கும் ஜாக்கிரதை என்று ஒருத்தரையொருத்தர் எச்சரித்துக்கொண்டு, வாயெல்லாம் சிவக்கத் தின்ற தலைமுறை நாம். அந்தச் செடியை நம் மண்ணோடு பிறந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பழந்தமிழ்ப் பாட்டில் வரும் கள்ளி அது இல்லை. அது சதுரக்கள்ளி, திருகுகள்ளி வகை, ஆமணக்குக் குடும்பம். சோதிப்பது சுலபம். கிள்ளினால் வெள்ளைப் பால் வடிந்தால் நம் பழைய கள்ளி. நிறமில்லாத கொழகொழப்பு வந்தால் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்தது.

கப்பலேறி வந்த கதையில் நம் பக்கத்துப் பேட்டைக்கும் ஒரு ஓரம் உண்டு. இங்கிருந்து மெட்ரோவில் அடுத்த நிலையம் காலடிப்பேட்டை. ஆதிசங்கரர் காலடி என்று யாரோ ஒருவர் எனக்கு விளக்கம் சொன்னார். இல்லை, 1717 முதல் 1720 வரை சென்னை கவர்னராக இருந்த ஜோசப் காலெட்டின் பெயர் அது. கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் துணி நெய்கிறவர்களைக் குடியமர்த்திய காலெட்பேட்டை, நம் நாக்கில் காலடிப்பேட்டை ஆனது. துணிக்குச் சிவப்பு ஏற்ற இந்தக் கரையில் சாயவேர் இருந்தது. கடலோர மணலில் தோண்டி எடுக்கிற மெல்லிய வேர். சோழமண்டலத் துணியின் சிவப்புக்கு உலகத்தில் பெயர் இருந்தது.

அதைவிட விலை போன சிவப்பு ஒன்று ஸ்பெயின்காரர்களின் கையில் இருந்தது. மெக்சிகோவில் நோபல் என்கிற கள்ளியில் வளர்க்கும் கொச்சினீல் பூச்சி. காய்ந்த பூச்சியை அரைத்தால் கருஞ்சிவப்புச் சாயம். அதை வெளியே விடாமல் ஸ்பெயின் பொத்திவைத்திருந்தது. 1777-ல் தியெரி த மெனோன்வில் என்ற பிரெஞ்சுக்காரர் ஒவாஹாகாவிலிருந்து பூச்சியையும் கள்ளியையும் திருட்டுத்தனமாகக் கொண்டுபோன கதை ஒரு நாவலுக்குச் சமம். இங்கே கம்பெனியாருக்கும் அந்த ஆசை. சென்னையில் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் 1786-ல் நம் கடற்கரைப் புல்லில் ஒரு பூச்சியைப் பார்த்து, இதுதான் கொச்சினீல் என்று லண்டனுக்கு, சர் ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதமாக எழுதித் தள்ளினார். 1788-ல் அந்தக் கடிதங்கள் சென்னையிலேயே அச்சாயின. பூச்சி அது இல்லை. மனிதர் விடவில்லை. உண்மைப் பூச்சி ஒருநாள் வரும், அதற்குச் சோறு தயாராக இருக்க வேண்டும் என்று சைதாப்பேட்டைப் பக்கம் நோபல் கள்ளித் தோட்டம் போட்டார், அவருடைய மருமகன் ஆண்ட்ரூ பெர்ரி அதைப் பார்த்துக்கொண்டார். விருந்தாளி வராத பந்தி அது. புனித ஜார்ஜ் கதீட்ரலில் இன்றும் ஆண்டர்சனின் பளிங்குச் சிலை இருக்கிறது. போனால் பாருங்கள், சிற்பி சான்ட்ரியின் வேலை.

1795-ல் கேப்டன் நீல்சன் ரியோவிலிருந்து கல்கத்தாவுக்கு ஒரு பூச்சியைக் கொண்டுவந்து சேர்த்தார். அதுவும் தப்பான பூச்சி. மட்டமான சாயம் தருகிற காட்டுச் சாதி. அது நோபல் கள்ளியைச் சீண்டவில்லை. ஓப்பன்ஷியா மோனகாந்தா என்ற வேலிக் கள்ளியில் உட்கார்ந்து அதை அழிக்கத் தொடங்கியது. சாய வியாபாரம் படுத்தது, ஆனால் களையைத் தின்ன ஒரு கூலியில்லா ஆள் கிடைத்துவிட்டது. 1836 முதல் 1838 வரை அதைத் தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்து விட்டார்கள், 1860-களில் இலங்கைக்கும் எடுத்துப்போனார்கள். களையை ஒழிக்கப் பூச்சியை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குத் தெரிந்தே கொண்டுபோனதில் உலகத்திலேயே முதல் நிகழ்ச்சி அது என்று பூச்சியியல் நூல்கள் எழுதும்.

மோனகாந்தா ஒழிந்தது. அதன் பக்கத்தில் நின்ற தில்லெனியை, அதாவது நீங்களும் நானும் பழம் தின்ற சப்பாத்திக்கள்ளியை, அந்தப் பூச்சி தொடவேயில்லை. தடுப்பார் இல்லாமல் அது பெருகி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்துக்குப் பெரிய தலைவலியானது. 1926-ல் இலங்கையிலிருந்து இன்னொரு பூச்சி வந்தது, டாக்டிலோபியஸ் ஓப்பன்ஷியே. ஐந்தாறு வருஷத்துக்குள் சுமார் 40,000 ஹெக்டேர் நிலம் கள்ளியிலிருந்து மீண்டது என்று கணக்கு. கள்ளி மடலில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியதுபோல் இருக்கும்; விரலால் நசுக்கினால் ரத்தம்போல் சிவப்பு. ஆண்டர்சன் தேடிய சிவப்புக்கு ஒன்றுவிட்ட தம்பி.

இந்த இடத்தில் என் வகுப்பில் ஒரு மாணவர் எழுந்து, “ஒரே செடியின் நகல் எல்லாம், அதனால்தான் சார் ஒரே நேரத்தில் செத்தது” என்றார். எனக்கும் அப்படிச் சொல்ல ஆசைதான், சொற்பொழிவுக்கு வசதியாக இருக்கும். ஆனால் அது நியாயமான முடிவு இல்லை. பூச்சி பார்த்தது இனத்தை. மோனகாந்தாவை விதவிதமான விதையிலிருந்து வளர்த்திருந்தாலும் அந்தப் பூச்சிக்கு அது மோனகாந்தாதான். பல்வகைமை இல்லாததால் வந்த வினை என்று எதற்கெடுத்தாலும் சொல்லிவிடுகிற பழக்கம் நம் சுற்றுச்சூழல் கட்டுரைகளில் வந்திருக்கிறது. பாதி நேரம் அது உண்மை, மீதி நேரம் சோம்பல்.

நகல் என்ற சொல் பொருந்துகிற இடம் வேறு. சப்பாத்திக்கள்ளிக்குச் சாவடியே தடையாக இல்லை. அது மூன்று வழியில் தாண்டியிருக்கிறது.

மடல் ஒடிந்து விழுந்தால் விழுந்த இடத்தில் வேர் பிடிக்கும், அது எல்லாருக்கும் தெரிந்த வழி. இரண்டாவது வழியைப் பார்க்க டில்லிக்குப் போக வேண்டும். டில்லிப் பல்கலைக்கழகத்தில் பஞ்சானன் மகேஸ்வரி கருவியலில் ஒரு பள்ளியையே உருவாக்கினார். அவரும் ஆர். என். சோப்ராவும் 1955-ல் இந்தத் தில்லெனிக் கள்ளியின் சூல், விதை வளர்ச்சியைச் சீவிச் சீவி மைக்ராஸ்கோப்பில் பார்த்து எழுதினார்கள். அந்த விதைக்குள் கரு, மகரந்தம் சேர்ந்த முட்டையிலிருந்து வராமல் சூலைச் சூழ்ந்த தாய்த்திசுவிலிருந்து மொட்டுவிடுகிறது. மேற்குக் கரையில் ஓலூர், சந்திரக்காரன் மாங்கொட்டையை நட்டால் நாலைந்து முளை வருமே, அவற்றில் பல தாயின் அச்சாகவே இருக்குமே, அதே சங்கதி. வெளியிலிருந்து பார்த்தால் விதை, உள்ளே இருப்பது துண்டு. காக்கை தின்று எங்கேயோ எச்சமிட்டாலும் முளைப்பது தாயேதான்.

மூன்றாவது வழிதான் எனக்குப் பிடித்தது. டிராகன் பழத்தில் நிறப்புரி 22. ஒரு தொகுதிக்கு 11, இரண்டு தொகுதி. சப்பாத்திக்கள்ளியில் 66, ஆறு தொகுதி. அப்படியானால் அதன் மகரந்தத்தூளில் ஒன்றுக்கு மேற்பட்ட அடையாள மூட்டை இருக்கும். முறிவுப் பெட்டியை நினைத்துப் பாருங்கள். அ மூட்டையில் அ தவிர எல்லாவற்றுக்கும் முறிவு உண்டு. ஆ மூட்டையில் ஆ தவிர எல்லாவற்றுக்கும் உண்டு. இரண்டும் ஒரே தூளில் வந்தால்? அ-வின் விஷத்தை ஆ பெட்டி முறிக்கும், ஆ-வின் விஷத்தை அ பெட்டி முறிக்கும். சாவடிக்காரன் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். பெட்யூனியாக் குடும்பத்தில் இது சோதித்துப் பார்த்த உண்மை. கள்ளியிலும் இதுவே காரணமாக இருக்கும் என்று நினைக்கப் பொருத்தம் நிறைய. மஞ்சள் தோல் டிராகன் பழம், மெகலாந்தஸ், நிறப்புரி 44. அது தன் தூளிலேயே காய்க்கிறது. 22 உள்ள சிவப்புச் சதை ரகம் அடம் பிடிக்கிறது. இஸ்ரேலில் லிக்டன்ஸ்வெய்க், மிஸ்ராஹி முதலியோர் 2000-ல் இதை வரிசைப்படுத்திக் காட்டினார்கள்.

சாவடியைத் தாண்டியிருக்கக் கூடிய இன்னொரு கள்ளியும் உண்டு. அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே இயற்கையாக வாழும் கள்ளி உலகத்திலேயே அது ஒன்றுதான். ரிப்சாலிஸ் பாக்சிஃபெரா, மரத்தில் தொங்கும் மெல்லிய கயிறு போன்ற செடி. ஆப்பிரிக்காவிலும் மடகாஸ்கரிலும் இருக்கிறது, நமக்கு அக்கரையில் இலங்கைக் காடுகளிலும் இருக்கிறது. எப்படி வந்தது என்று இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை. ஒட்டுகிற சின்னப் பழம், பறவை கொண்டுவந்திருக்கலாம் என்பார்கள். தனியாக வந்திறங்கிய ஒரே செடி குடும்பம் நடத்த வேண்டுமென்றால் அது தன்னை மறுக்கிற செடியாக இருக்கக் கூடாது. ஹெர்பர்ட் பேக்கர் 1955-ல் இதை ஒரு பொது விதியாகவே சொன்னார். பழைய உலகத்து ரிப்சாலிஸ் கூட்டங்கள் பலவற்றில் நிறப்புரித் தொகுதி பெருகியிருப்பதையும் இதோடு சேர்த்துப் பார்த்தால் எனக்கு உற்சாகமாக இருக்கிறது.

சாவடியைச் செடிதான் தாண்ட வேண்டும் என்றில்லை, மனிதரும் தாண்டினார்கள். மறுபடியும் டில்லி, மகேஸ்வரி வளர்த்த அதே பள்ளி. என். எஸ். ரங்கசாமியும் கே. ஆர். சிவண்ணாவும் 1967-ல் ஒரு வேலை செய்தார்கள். தன்னை மறுக்கும் பெட்யூனியா ஒன்றை எடுத்தார்கள். சூலகமுடி, தண்டு எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, கண்ணாடிக் குழாயில் வளர்த்த சூல்களின் மேலேயே அதே செடியின் மகரந்தத்தைத் தூவினார்கள். விதை பிடித்தது. எதிர்ப்பு தண்டில்தான் இருக்கிறது, சூலில் இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். நேச்சர் இதழில் வந்த ஆய்வு அது. எஸ்-ஆர்.என்.ஏஸ் என்ற பெயரே பிறக்காத காலம். நம் பாடநூல்களில் இதற்கு ஒரு வரியாவது இருந்திருக்கலாம் என்பது என் பழைய ஆதங்கம்.

என் மாடியில் கண்ணாடிக் குழாய் கிடையாது. இருந்ததெல்லாம் மெட்ரோ. டிராகன் பழத்துக்குக் குஜராத்தில் 2021 ஜனவரியில் கமலம் என்று பெயர் சூட்டிய பிறகு ஆளாளுக்கு நட ஆரம்பித்தார்கள். காலடிப்பேட்டையில் ஒரு பழைய மாணவி வீட்டு மாடியிலும் ஒன்று இருந்தது. அதுவும் சிவப்புச் சதைதான், ஆனால் வேறு ரகம். மடலின் விளிம்பே வேறு மாதிரி. அவள் வீட்டிலும் பூத்துப் பூத்து உதிர்ந்துகொண்டிருந்தது. ஒரு ஜூலை மாதம் இரண்டு மாடியிலும் ஒரே இரவில் மொட்டு முற்றியது. எட்டு மணிக்கு அவள் போன் செய்தாள்: “சார், விரியுது.” சின்ன மாத்திரை டப்பாவோடு போனேன். பெயின்ட் பிரஷ்ஷால் மகரந்தத்தைத் தட்டினோம். அது வஞ்சகமில்லாமல் கொட்டுகிறது, கடலை மாவு போல. என்னுடையதைக் கொஞ்சம் அவளுக்குக் கொடுத்துவிட்டு, அவளுடையதை டப்பாவில் போட்டுக்கொண்டு அடுத்த ரயிலில் திரும்பினேன். சோதனை செய்யும் இடத்தில் காவலர் டப்பாவைத் திறக்கச் சொன்னார். என்ன தூள் சார் இது என்றார். பூத்தூள் என்றேன். நம்பியதாகத் தெரியவில்லை, மூடிக் கொடுத்துவிட்டார்.

அன்று ராத்திரி 9 பூவுக்கு அவளுடைய தூளையும், ஒப்பிட்டுப் பார்க்க 3 பூவுக்கு என் செடியின் தூளையும் தடவி, நூல் கட்டி அடையாளம் வைத்தேன். மூன்றும் ஆறாம் நாள் விழுந்தன. ஒன்பதில் எட்டு நின்றன. முப்பத்திரண்டாம் நாள் முதல் பழம். விதை எவ்வளவு பிடிக்கிறதோ அந்த அளவுக்குச் சதை கூடும் என்பது இந்தப் பழத்தின் கணக்கு, அது நன்றாகவே பிடித்திருந்தது. தோட்டம் போடுகிறவர்கள் இங்கே யாராவது இருந்தால் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். சிவப்புச் சதை ரகம் வாங்கும்போது ‘தானாகக் காய்க்குமா’ என்று கேளுங்கள். இல்லையென்றால், பத்துத் தூணுக்கு ஒன்றிரண்டு தூணாவது அயல் ரகமாக நடுங்கள், பூக்கும் காலம் ஒத்துவருகிறதா என்று பாருங்கள். இரவில் பூவைத் தேடி வரும் பெரிய அந்துப்பூச்சிகளை நம் ஊர் விளக்கு வெளிச்சத்தில் நம்பிக்கொண்டிருக்க முடியாது, பிரஷ்ஷும் வாங்கிக்கொள்ளுங்கள். உரம் அப்புறம்.

பிரம்ம கமலத்துக்கு இப்படி ஒரு துணையை நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை கேட்டுவிட்டேன். எல்லாரும் யாரோ ஒருவரிடம் மடல் வாங்கி வைத்தவர்கள். அந்த ஒருவரும் இன்னொருவரிடம் வாங்கியவர். நமக்குத் தெரிந்தவரை இந்த வடசென்னை முழுக்க இரவில் பூப்பது ஒரே செடி.

அந்த முதல் பழத்தின் விதையைப் போட்டு 40 கன்று எழுப்பியிருக்கிறேன். என் மாடியில் இனித் தூண் நட இடமில்லை. அரங்கத்து வாசலில் பால் கவரில் வைத்திருக்கிறது. போகும்போது வீட்டுக்கு இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள். பெற்ற செடிகளின் நான்கு அடையாளமும் வெவ்வேறாக இருந்திருந்தால், நீங்கள் எடுக்கிற இரண்டும் ஒரே வகையாக அமைந்துவிட நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. விதைக்கன்று பூக்க நாலைந்து வருஷம் ஆகும், அதுவரை தெரியாது. அப்படி ஆகிவிட்டால் பக்கத்து வீட்டில் என்ன எடுத்துப் போனார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.